கொஞ்சம் குறைச்சு வை

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் ஒரு வார்த்தை தடித்ததில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி, கணவரின் தங்கையோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டு நாட்டுத் தூதர்கள் எல்லைப் பிரச்சினை பேசுவதுபோல இருக்கும்.

"நீங்க முதல்ல குளிச்சிடுங்க அண்ணி."

"பரவாயில்லம்மா, உனக்குத்தான் நேரமாச்சு."

"ஐயோ, நீங்க போங்க."

இப்படி மாற்றி மாற்றி வழிவிட்டதில் குளியலறை காலியாகக் கிடக்கும். இருவரும் வேலைக்குத் தாமதமாகப் போவார்கள். நடுவில் அண்ணியின் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் நுழைந்து குளித்துவிட்டு வந்துவிடுவார்.

அண்ணி வேலை பார்த்தது காது பரிசோதனை நிலையத்தில். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கேட்டும் கேட்காததுமாகச் சின்னச் சின்ன சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காமலே கையைத் தூக்கும் கௌரவக்காரர்களும் உண்டு. அவர்களை அண்ணிக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். நாத்தனார் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த கார். ஊரில் உள்ள சுவர்களையும் மரங்களையும் காப்பாற்றிக் காப்பாற்றி, சாப்பிடும்போதுகூட யாராவது வேகமாகப் பேசினால் அவளுடைய கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டுக்காரர் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவர். முன்னறையில் மேஜை போட்டு, ஒற்றெழுத்துகளைத் தேடித் தேடிப் பிடிப்பார்.

சங்கீதம் அந்த வீட்டுக்குள் வந்தது நாத்தனாரின் காரில். அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு டீஜே வந்தான். நடன அரங்குகளில் ஹவுஸ் மியூசிக் என்கிற ஆட்ட இசை போடுகிறவன். மேடையில் எப்படியோ, சாலையில் அவனுக்கு இடது வலது தெரியாது. கடைசியில் ஒரு தபால்பெட்டியோடு மோதியபின் ஓட்டுவதையும் விட்டான், அந்த ஊரையும் விட்டான். போகும்போது, "அக்கா, இதைத் தூக்கிட்டுப் போக என்னால முடியாது, நீங்களே வச்சுக்குங்க" என்று ஒரு டிரம் மெஷினையும், பாதிக் கட்டைகள் மஞ்சளாகிப்போன ஒரு சிந்தசைசரையும் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

நாத்தனார் அவற்றைப் பின்னறையில் வைத்து, சாயங்காலங்களில் தட்டிப் பார்க்கத் தொடங்கினாள். தம், தம், தம், தம். முன்னறையில் வீட்டுக்காரர் பேனாவை மூடி வைத்தார். "கொஞ்சம் போய்ச் சொல்லேன்," என்றார் மனைவியிடம்.

அண்ணி சொல்லத்தான் போனாள். கதவருகே நின்று தூதர் பாணியில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே கேட்டாள். கேட்கக் கேட்க வந்த வேலை மறந்துபோயிற்று.

"தப்பா நினைக்காதேம்மா. அந்த மூணாவது அடி ஒரு துளி முன்னாடி விழுது."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்குதா அண்ணி? எனக்கு என்னமோ உறுத்துது, எதுன்னுதான் தெரியல."

"அதான். அதை இழுத்து வை."

இழுத்து வைத்தாள். தம், தம், தம், தம். அறையே உட்கார்ந்த இடத்தில் ஒருமுறை குலுங்கியதுபோல இருந்தது. அண்ணியின் தலை தன்னையறியாமல் ஆடியது. முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, சொல்லப் போனவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படித்தான் இருவரும் ஜோடியானார்கள். ‘ஒரே வீடு’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மாமியார் தொலைபேசியில் கேட்டார்: "ஹவுஸ் மியூசிக்னா என்ன? வீட்டு வேலை செய்யறப்போ கேக்கறதா?"

"ஆமா அத்தை, அப்பவும் கேக்கலாம்," என்றாள் அண்ணி.

"அப்ப நல்லதுதான்," என்று மாமியார் ஆசீர்வாதம் செய்தார்.

முதல் இசைத்தட்டில் நான்கு பாட்டுகள். அண்ணி அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டாள். அதாவது அடியும், அடிக்குக் கீழே உறுமும் பேஸும். அதன்மேல் ஆர்கன் போன்ற ஒரு சத்தத்தைத் தூவுவது நாத்தனார். கைதட்டல் சத்தம் வேண்டும் என்று மைக்கைத் திறந்து வைத்து இருவரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தது.

"கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா?"

வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மறுபடி போட்டுக் கேட்டபோது, சரியாக நான்காவது அடியில் வந்து விழுந்திருந்தது குரல். ஒரு மனிதன் வாழ்க்கையில் பட்ட அலுப்பெல்லாம் அந்த ‘கொஞ்சத்தில்’ இருந்தது.

"எடுத்துடலாமா?" என்றாள் அண்ணி.

"உங்க இஷ்டம் அண்ணி."

"இல்ல, உன் இஷ்டம்."

இந்த ஒருமுறை தூதரக மரியாதையால் நல்லது நடந்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்காததோடு, நாத்தனார் அதை வெட்டி, திருப்பித் திருப்பி ஒட்டினாள். கொஞ்... கொஞ்... கொஞ்சம்... கொஞ்சம் குறைச்சு வை. ‘க்கக் கூடாதா’ வெட்டில் போயிற்று.

இசைத்தட்டு அச்சடித்து விற்கிற ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைத் தட்டுக்காரர் என்பார்கள். தடித்த கண்ணாடி, எப்போதும் அவசரம். முதல் பாட்டைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருங்க இந்த ஆளு? இப்படி நொந்துபோய்ப் பாட எங்க கத்துக்கிட்டாரு?"

பாட்டு பற்றிக்கொண்டது. உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டார்கள், துணிக்கடைகளில் போட்டார்கள், நடன அரங்குகளில் அது வந்ததும் கூட்டம் கூரையைப் பெயர்த்தது. இவ்வளவு நடந்தும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அரங்குகளுக்குப் போகிறவரில்லை, உடற்பயிற்சிக்கும் அவருக்கும் வெகுதூரம். சொல்லலாம் சொல்லலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டார்கள். "நீங்க சொல்லுங்க அண்ணி, நீங்க சொன்னா பக்குவமா இருக்கும்." "உன் அண்ணன்மா, நீ சொல்றதுதான் முறை."

கடைசியில் சலூனில் தெரிந்தது. முடி வெட்டுகிறவர் ஒருபக்கத்தை வெட்டி முடித்து மறுபக்கம் வர, இவர் கண்ணாடியைப் பார்த்து, "பக்கவாட்டில் கொஞ்சம் குறைச்சு வைங்க," என்றிருக்கிறார். கத்திரி நின்றது. பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். முடி வெட்டுகிறவர் போய் ஸ்பீக்கரைப் போட்டார். கொஞ்... கொஞ்... கொஞ்சம்.

வீட்டுக்காரர் பாதித் தலையோடு வீட்டுக்கு வந்தார். ஒருபக்கம் முடி இருந்தது, மறுபக்கம் இல்லை. அண்ணி இரண்டடி பின்வாங்கினாள்.

"என் குரலை எடுத்தீங்க. சரி," என்றார் அவர். "கேக்காம எடுத்தீங்க. அதுவும் சரி. ஆனா அது கேள்வி வாக்கியம்! நான் கேள்வியாத்தானே கேட்டேன்? கேள்விக்குறியை வெட்டி எறிஞ்சு, என்னை யாரோ மிரட்டுற ஆள் மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க. ஊர்ல அத்தனை பேரும் என்ன நினைப்பாங்க? இவனுக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதுன்னு நினைக்க மாட்டாங்களா?"

அண்ணிக்கு உயிர் வந்தது. "அடுத்த தட்டுல சரி பண்ணிடலாங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அந்த வாக்கு இரண்டாவது இசைத்தட்டைக் கெடுத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் முழுப்பழியையும் வீட்டுக்காரர்மேல் போடுவது நியாயமில்லை. பேர் கிடைத்தவுடன் அண்ணிக்கு, இனி வெறும் தம் தம் போதாது என்று தோன்றிவிட்டது. வளர வேண்டும். வயலின் சேர்க்கலாமா என்றாள். "நல்லா இருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார். மனதுக்குள் அவளுக்கு வயலின் பிடிக்கவில்லை. பதிலுக்கு அவள் மழைச் சத்தம் கேட்டாள். "அருமையா இருக்கும்மா," என்றாள் அண்ணி. மழை எதற்கு என்று அவளுக்கு விளங்கவேயில்லை. ஒருத்தி போட்டதை இன்னொருத்தி எடுக்கமாட்டாள். வயலினுக்கு மேல் மழை, மழைக்கு மேல் மணி, மணிக்கு மேல் புல்லாங்குழல். நாத்தனார் வேகத்தையும் குறைத்துக்கொண்டே வந்தாள், கால் பழக்கம். அண்ணிக்கு அது வண்டி நிற்கப் போகிற மாதிரிக் கேட்டது. சொல்லவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றார். கையில் எழுதி வைத்திருந்தார். "இந்தச் சத்தத்தைத் தாங்கள் சற்றே குறைத்து வைக்கக் கூடாதா?" ஒவ்வோர் எழுத்தும் தெளிவு. கடைசியில் கேள்விக்குறிகூடக் காதில் கேட்டது. எத்தனை முறை சொல்லச் சொன்னாலும் அந்தப் பழைய அலுப்பு மட்டும் வரவேயில்லை. ஒலிபெருக்கியில் கடைசிப் பேருந்துக்கான அறிவிப்பு போல இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குண்ணா," என்றாள் நாத்தனார்.

"ரொம்ப," என்றாள் அண்ணி.

தட்டு வெளியானது. ஒரு பத்திரிகை, ‘ஒரே வீடு முதிர்ச்சி அடைந்திருக்கிறது’ என்று எழுதியது. அண்ணி அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். தட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முதிர்ச்சின்னு எழுதிட்டாங்களா? போச்சு. ஆடறவன் எவனும் முதிர்ச்சிக்கு ஆட மாட்டான். நீங்க மேடை ஏறுங்க. நேர்ல வாசிச்சா விக்கும்."

மேடை என்றால் இருவருக்கும் ஆகாது. முன்பு ஏறிய சில சின்ன மேடைகளில், பெட்டிகளுக்குப் பின்னால் டிக்கெட் கவுண்டரில் நிற்பவர்கள் மாதிரி நின்று, தட்டில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு இறங்கினார்கள். இந்தமுறை பெரிய இடம். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை நடனக் கூடமாக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரக் கூரை, உயரத்தில் தூசி படிந்த ஜன்னல்கள், உள்ளே கால்வைக்க இடமில்லை. வீட்டுக்காரரும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு, காதில் பஞ்சோடு.

ஸ்பீக்கர்களுக்குப் பொறுப்பானவர் வாடகைக்கு வந்தவர். பொதுக்கூட்டம், ஆண்டுவிழா, பரிசளிப்பு என்று ஆயுள் முழுக்க மைக் கட்டியவர். கூடத்தின் பின்கோடியில் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே கொள்கை: முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்ன சொல்கிறானோ அதைச் செய்துவிடு, வம்பு வராது.

முதலில் இரண்டாவது தட்டிலிருந்து வாசித்தார்கள். மழை பெய்தது. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. வயலின் வந்தது. முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட, அது வரிசையாகப் பரவிப் பின்னால் போனது. வீட்டுக்காரரின் முழு வாக்கியம் வந்ததும் சிலர், ஏதோ அறிவிப்பு என்று நினைத்து வாசலைப் பார்த்தார்கள்.

அண்ணிக்குக் காது மடல்கள் சூடாகின. "பழசைப் போடு," என்றாள் உதட்டை அசைக்காமல்.

"போடலாங்களா?"

"போடேன்!"

நாத்தனார் அவசரத்தில் புதுசை நிறுத்தாமலே, அதன்மேல் பழைய பாட்டின் பொத்தானை அழுத்தினாள். தம், தம், தம், தம். கூட்டம் தூக்கத்திலிருந்து எழுந்தது. பழைய அலுப்புக் குரல் வருவதற்கு முன்னாலேயே அத்தனை பேரும் கையை உயர்த்திக் கத்தினார்கள்:

"கொஞ்சம் குறைச்சு வை!"

பின்கோடி மேஜையில் இருந்தவர் நிமிர்ந்தார். சரி என்று தலையாட்டி, சத்தத்தைக் குறைத்தார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. சத்தம் கம்மியானதால், ஈடுகட்ட இன்னும் பலமாகக் கத்தியது. "கொஞ்சம் குறைச்சு வை!" அவர் இன்னும் குறைத்தார். "கொஞ்சம் குறைச்சு வை!" இப்படியும் ஒரு கூட்டமா என்று வியந்துகொண்டே மறுபடி குறைத்தார். கடைசியில் மேடையிலிருந்து வந்தது கொசு ரீங்காரம் அளவுக்கு ஆகிவிட்டது. கூடத்தில் மிச்சமிருந்தது ஆயிரம் கால்களின் சத்தம்தான்.

மேடையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ குறைச்சியா?" என்றாள் அண்ணி.

"நானா? நீங்கதான் எதையோ தொட்டீங்க."

"நான் எதைத் தொட்டேன்? நீதான் எப்பப் பாரு பிரேக்கைப் போட்டுக்கிட்டே இருக்கே! தட்டு முழுக்க அதானே பண்ணினே!"

இத்தனை வருஷத்தில் அண்ணி அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாத்தனாருக்கும் அணை உடைந்தது. "உங்க வயலினுக்கு வேகமா ஓட்டினா அது ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கும் அண்ணி! அந்த வயலினைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும்!"

"பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க என் மழையைப் பத்திச் சொன்னீங்களா? சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்க, உங்க காது டெஸ்டுக்கு வர்ற பெரிய மனுஷங்க மாதிரி!"

"உன் மழையா? ஒழுகற குழாய் மாதிரி இருந்துது!" என்று அண்ணி கை நீட்டி, மழையைக் கூட்டிக் குறைக்கும் கட்டையைக் கீழே தள்ளினாள். மழை நின்றது. நாத்தனார் பதிலுக்கு வயலினை ஒரே இழுப்பில் இறக்கினாள். அண்ணி மணியை நிறுத்தினாள். நாத்தனார் புல்லாங்குழலை. "இதையும் எடு!" "எடுத்தாச்சு! உங்க அந்தக் கொய்ங்ங்?" "அதுவும் போகட்டும்!"

பின்கோடியில், ஆபத்தை முதலில் உணர்ந்தவர் வீட்டுக்காரர். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேஜைக்கு ஓடினார்.

"என்னங்க பண்றீங்க? ஏன் குறைக்கிறீங்க?"

"பொதுஜனம் சொல்லுது சார். காது கேக்கலையா உங்களுக்கு?"

"அது ஏவல் இல்லைங்க. பாட்டு!"

"குறைச்சு வைன்னா ஏவல்தானே சார்?"

பிழை திருத்துபவருக்கு இது சரியான வாதமாகத்தான் பட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. "இல்லைங்க! அது மூலத்துல கேள்வி. பின்னால வெட்டினதால ஏவலாயிடுச்சு. அது என் வாக்கியம்!"

மைக் கட்டுபவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும்தான் சொல்றாங்க, அது உங்க வாக்கியமா?"

வீட்டுக்காரருக்கு வேறு வழி தோன்றவில்லை. ஆழமாக மூச்சு விட்டார். ஓடி வந்த களைப்பு, இரண்டு வருஷத்து இரைச்சல், பாதியில் விட்டு வந்த புத்தகம், எல்லாம் சேர்ந்து வந்தது. "கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா?" என்றார், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து.

மைக் கட்டுபவரின் கை கட்டைகளை விட்டு எழும்பியது. "சார்! நீங்களா! என் பொண்ணு போன்ல இதைத்தான் வச்சிருக்கா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப என்ன சார் பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

"ஏத்துங்க," என்றார் வீட்டுக்காரர். "முழுசா ஏத்துங்க."

ஏற்றினார். அந்த நேரத்தில் மேடையில் மிச்சமிருந்தது அடியும் பேஸும் மட்டும்தான். மற்றதையெல்லாம் இருவரும் சண்டையில் பிடுங்கியிருந்தார்கள். மேடை மைக்கும் திறந்தேதான் இருந்தது. சத்தம் முழுதாகத் திரும்பியபோது தகரக் கூரை அதிர்ந்தது, அதோடு சேர்ந்து கூடமெங்கும் கேட்டது, "எனக்கு அந்த வயலின் பிடிக்காதுன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதானே அண்ணி சொல்லல!"

கூட்டம் வெடித்தது. தட்டுக்காரர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு ஆடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணி மைக்கைப் பார்த்தாள். முகம் ரத்தமாய்ச் சிவந்தது. மூடப் போன கையை நாத்தனார் தட்டிவிட்டாள்.

"விடுங்க அண்ணி. பேஸை மட்டும் கொஞ்சம் மேல கொண்டு வாங்க. சீக்கிரம்!"

அதட்டல்தான். தன்னை அந்த வீட்டில் யாரும் அப்படி அதட்டியதில்லை என்பதும், அது தனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் அண்ணிக்கு ஒரே சமயத்தில் தெரிந்தது. பேஸை மேலே கொண்டுவந்தாள். நாத்தனார் ஆர்கனை ஒற்றை விரலால் தொட்டாள், எடுத்தாள், மறுபடி தொட்டாள். தட்டில் இல்லாத ஒரு பாட்டு அங்கேயே பிறந்து போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியாது. நாத்தனாரின் கால் மட்டும் ஒருமுறைகூடத் தரையை அழுத்தவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டார்கள். பழைய பாக்கியெல்லாம் வந்தது. யார் குழம்பில் உப்பு தூக்கல் என்பதிலிருந்து, குளியலறையில் யார் முதலில் போவது என்பதுவரை. வீட்டுக்காரர் பின்சீட்டில் டிரம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது இசைத்தட்டு அந்தச் சண்டைகளில் உருவானது. ஒன்றைப் போடுவதற்கு இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எடுப்பதற்கு ஒருத்தி போதும் என்று சட்டம் வைத்துக்கொண்டார்கள். விளைவாகப் பாட்டுகள் எலும்பும் தோலுமாக வந்தன. ஆனால் நடந்தன, ஓடின. பாதியிலேயே நாத்தனார், "உங்களோட ஒரே வீட்ல இருந்தா நான் ஒண்ணு ஜெயிலுக்குப் போவேன், இல்ல ஆஸ்பத்திரிக்குப் போவேன்," என்று சொல்லி இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனாள். மாமியார் பதறிப்போய்த் தொலைபேசி செய்தார். "என்னம்மா, அவ்வளவு ஒத்துமையா இருந்தீங்களே!"

"இப்பதான் அத்தை ஒத்துமை," என்றாள் அண்ணி. மாமியாருக்கு அது பிடிபடவில்லை. அண்ணி தினமும் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போனாள்.

மூன்றாவது தட்டு முதலாவது அளவுக்கு விற்கவில்லை. பத்திரிகைகள் முதிர்ச்சி என்ற வார்த்தையைத் தவிர்த்துவிட்டன. ஆனால் நேரில் பார்க்கக் கூட்டம் வந்தது. தட்டில் கேட்ட பாட்டு மேடையில் ஒருநாள் இருந்த மாதிரி இன்னொரு நாள் இருக்காது. ஒருத்தி கொண்டுவந்ததை மற்றவள் பிடுங்குவாள், பிடுங்கியதை இவள் வேறு வழியாகக் கொண்டுவருவாள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் பத்திரிகைக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் தட்டி விடுறீங்களே, அந்த இடம் பிரமாதம். எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்தீங்க?"

நாத்தனார் முழங்கைக்குக் கீழே சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தாள்.

"ஒத்திகையா?" என்றாள் அண்ணி. "அவ ஆர்கனை எடுக்கவே மாட்டேங்கறா. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேக்கல."

"எடுக்க மாட்டேன்," என்றாள் நாத்தனார். "நாளைக்கும் வச்சுதான் வாசிப்பேன். எழுதிக்குங்க."